மனைக்குள் ஓர் எழுத்தகம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் தொய்வின்றி நடப்பது எளிய செயலன்று. அரசின் உதவியோ செல்வரின் கொடையோ இல்லாமல், திங்கள்தோறும் உறுப்பினர் கொண்டுவந்த கவிதைகளையும் கட்டுரைகளையும் மட்டுமே மூலதனமாகக் கொண்டு இவ்வட்டம் வளர்ந்துள்ளது. இந்த நிறைவு விழாவில் உரையாற்ற என்னை அழைத்தபோது, சங்கப் பாடல்களைப் பற்றியோ இக்காலக் கவிதைப் போக்குகளைப் பற்றியோ நான் பேசுவேன் என்று பலரும் எண்ணியிருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் வேறு. நாம் வீட்டில் அமர்ந்து எழுதும் இடம், அங்குள்ள மேசை, நாற்காலி, விளக்கு, அலமாரி, இவற்றை ஒழுங்கு செய்யும் முறை, ஆண்டுக்கு ஒருமுறை புதுக்கும் முறை ஆகியவையே என் பொருள். இஃது இலக்கியமா, இல்லறக் குறிப்பா என்று ஒருவர் கேட்கலாம். இலக்கியமே என்பதை இயன்ற அளவு நிறுவ முயல்வேன்.

இப்பொருளைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. விழாவை முன்னிட்டுச் செயலாளர் அவர்களின் இசைவோடு வட்டத்தின் பழைய நிகழ்ச்சிக் குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்தேன். முதல் மூன்று ஆண்டுகளில் கவிதை படித்த பெண்களின் பெயர்கள் பல அவற்றில் இருக்கின்றன. அவர்களுள் சிலரே இன்று இவ்வவையில் இருக்கிறார்கள். ஏனையோர் எங்கே சென்றனர்? சிலரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். சொல் வற்றிவிட்டது என்று ஒருவரும் கூறவில்லை. “எழுத உட்கார இடமில்லை, அம்மா” என்றார் ஒருவர். எரிவாயுச் சீட்டின் பின்புறம் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் மேல் வைப்பாராம் இன்னொருவர். அங்கு வைத்தவை ஒவ்வொன்றாகக் காணாமற் போயின. பிறகு வைப்பதற்கும் ஒன்றும் இல்லாமற் போயிற்று. அவர் இதனைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கேட்ட எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கவிஞரை இழப்பதற்கு ஒரு முழ நீளப் பலகை இல்லாமையே போதுமானதாக இருக்கிறது என்றால், அந்தப் பலகையைப் பற்றி இலக்கிய வட்டம் பேசத்தானே வேண்டும்?

முதலும் கருவும் உரியும்

‘அகம்’ என்னும் சொல்லுக்கு நம் மொழியில் உள்ளம் என்றும் பொருள், வீடு என்றும் பொருள். உள்ளத்தில் தோன்றுவது வீட்டில் எழுத்தாக வேண்டும் என்பதால் இரண்டையும் ஒரு சொல்லால் குறித்தார்களோ என்று எண்ணத் தோன்றுகிறது. இது மொழியியல் முடிபன்று. என் விருப்பம் மட்டுமே. ஆனால் அகப்பொருளை ஆராயத் தொல்காப்பியர் வகுத்துத் தந்த முதல், கரு, உரி என்னும் பாகுபாட்டை எழுத்தகத்துக்கும் பொருத்திப் பார்ப்பதில் தவறில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் உள்ளவை கருப்பொருள். அங்கு நிகழும் ஒழுக்கம் உரிப்பொருள். எழுதுவோர்க்கு வீட்டில் ஓர் இடமும் நாளில் ஒரு வேளையும் முதல், மேசை முதலிய கருவிகள் கரு, எழுதுதல் உரி. முதலும் கருவும் இல்லாமல் உரி மட்டும் நிற்கும் பாடல்கள் உண்டு என்பது நாம் அறிந்ததே. அவ்வாறே இடமும் கருவியும் இன்றி எழுதியவர்களும் உண்டு. அவர்களைப் பற்றிப் பின்னர்ச் சொல்வேன்.

நிலம்

ஏட்டில் எழுதிய காலத்தில் எழுதுவோர்க்கு மேசை தேவைப்படவில்லை. தரையிலோ திண்ணையிலோ அமர்ந்து, இடக்கையில் ஓலையை ஏந்தி, வலக்கையில் எழுத்தாணி பிடித்து எழுதினார்கள். தேர்ந்த கையில் எழுத்தாணி பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்க, ஓலைதான் இடப்புறமாக நகர்ந்துகொண்டிருக்கும். உடம்பே மேசையாக இருந்த காலம் அது. ஆயினும் இடம் வேண்டியிருந்தது. அந்த இடம் பெரும்பாலும் திண்ணை. திண்ணையில் பள்ளி நடந்தது, புலவர்கள் பாடம் சொன்னார்கள், வழக்குப் பேசினார்கள். திண்ணைக்கு உள்ளே ரேழி, தாழ்வாரம், முற்றம், கூடம், அடுக்களை என்று வீடு நீளும். உள்ளே செல்லச் செல்ல எழுத்து மங்கி உழைப்பு மிகும். பெண்கள் மிகுதியும் புழங்கிய பின்கட்டில் ஆட்டுக்கல்லும் அம்மியும் உரலும் இருந்தன. ஏடு இருந்த வீடுகள் அரியன.

தாளும் மையும் வந்தபின் எழுத்து மேசைக்கு ஏறிற்று. இங்கே சொல் வரலாறு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். ‘நாற்காலி’ நம் சொல், நான்கு காலுடையது. ஆனால் ‘மேசை’, ‘அலமாரி’, ‘சன்னல்’, ‘சாவி’ ஆகிய நான்கும் போர்ச்சுக்கீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தவை. இந்த நான்கையும் ஒன்று சேர்த்தால் இன்றைய எழுத்தறை ஆகிவிடும். எழுதும் அறையை அமைக்கும் சொற்கள் நம் மொழிக்குள் நுழைந்து நானூறு ஆண்டுகளுக்குக் குறையா. அறைதான் எல்லோர்க்கும் வந்து சேரவில்லை.

அவற்றுள் ‘சாவி’ என்னும் சொல் என்னைப் பெரிதும் சிந்திக்க வைத்தது. நம் பாட்டிமார் இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும். நெல் அறை, பாத்திர அறை, பணப்பெட்டி எல்லாவற்றின் சாவியும் அதில் இருக்கும். வீட்டின் ஆட்சியே அவர்கள் இடுப்பில் இருந்தது என்று நாம் பெருமையாகச் சொல்வோம். உண்மைதான். ஆனால் அவர்கள் தமக்கென்று உள்ளே சென்று அமர்வதற்குரிய அறையின் சாவி ஒன்றுகூட அந்தக் கொத்தில் இல்லை.

ஆங்கில எழுத்தாளர் வர்ச்சீனியா உல்ஃப் 1928-ஆம் ஆண்டு அக்டோபரில் கேம்பிரிட்சு மகளிர் கல்லூரிகளில் ஆற்றிய உரைகளை விரிவாக்கி 1929-இல் நூலாக்கினார். பெண் புனைகதை எழுத வேண்டுமாயின் தனக்கெனப் பணமும் தனக்கென ஓர் அறையும் வேண்டும் என்பது அந்நூலின் துணிபு. ஆண்டுக்கு 500 பவுன் என்று தொகையையும் அவர் கணக்கிட்டுச் சொன்னார். அவர்க்கு ஒரு நூற்றாண்டு முற்பட்ட சேன் ஆஸ்டின் என்னும் புதின ஆசிரியர்க்குத் தனியறை இல்லை. சாட்டன் என்னும் ஊரில் குடும்பத்தார் புழங்கும் அறையிலேயே சிறிய மேசை ஒன்றில் எழுதினார். அவ்வறைக் கதவு திறக்கும்போது கிறீச்சிடும். அதற்கு எண்ணெயிட வேண்டா என்று அவர் தடுத்துவிட்டார் என அவருடைய மருமகன் 1870-இல் வெளியிட்ட வாழ்க்கைக் குறிப்பு கூறுகிறது. யாரேனும் வரும் ஓசை கேட்டதும் தாளை மறைத்துவிடலாம் அல்லவா? உலகம் போற்றும் புதினங்கள் ஒரு கிறீச்சொலியின் காவலில் எழுதப்பட்டன.

நம் நாட்டிற்கு வருவோம். வை.மு. கோதைநாயகி அம்மாள் (1901-1960) முறையான பள்ளிக் கல்வி பெறாதவர். தம் முதற்படைப்பை அவர் வாயாற் சொல்ல, தோழி ஒருவர் எழுதிக்கொண்டார். பின்னர்த் தாமே எழுதப் பழகி 115 புதினங்கள் படைத்தார். ‘ஜகன்மோகினி’ இதழையும் நடத்தினார். அவர் கை எழுதக் கற்பதற்கு முன்பே அவருடைய கதை பிறந்துவிட்டது. எழுதிக்கொள்ள ஒரு தோழி அமைந்தமையால் அது நின்றது. தோழி அமையாமல் காற்றோடு போன கதைகள் எத்தனையோ. அம்பை 1988-இல் வெளியிட்ட சிறுகதைத் தொகுதியின் தலைப்பே ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ என்பது. அத்தலைப்பில் உள்ள மூலை என்னும் சொல் நம் வீடுகளின் வரைபடத்தையே மாற்றிப் பார்க்கச் செய்கிறது.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

இவ்விடத்தில் கவிஞர்கள் ஒரு மறுப்பை எழுப்பக்கூடும். கவிதைக்கு மேசை எதற்கு? பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வறுமையோடு வாழ்ந்த பத்தாண்டுகளில்தாமே தம் தலைசிறந்த படைப்புகளைத் தந்தார்? அவர்க்குத் தோப்பும் கடற்கரையும் போதுமானவையாக இருக்கவில்லையா? வ.உ. சிதம்பரனார் கண்ணனூர்ச் சிறையில் அன்றோ ‘மெய்யறம்’ இயற்றினார்? சிறைக் கொட்டடியில் எழுந்த நூலுக்கு எந்தத் தச்சர் மேசை செய்து கொடுத்தார்?

மறுப்பு வலிமையானதே. ஆயினும் இரண்டு விடைகள் உண்டு. முதலாவது, இடையூற்றை வென்று எழுதியவர்களின் பெருமை இடையூற்றின் பெருமை ஆகாது. சிறையில் நூல் பிறந்தது என்பதனால் சிறையைப் பரிந்துரைப்பார் உளரோ? மேலும், தோப்பிற்கு எழுந்து செல்லும் உரிமை பாரதியார்க்கு இருந்தது. அடுப்பைப் பார்த்துக்கொண்டு செல்லம்மாள் வீட்டில் இருந்தார்.

இரண்டாவது விடை எழுத்துத் தொழிலைச் சார்ந்தது. கவிதையின் முதல் வரி எங்கும் பிறக்கலாம். பேருந்தில் பிறக்கலாம், மாவு அரைக்கையில் பிறக்கலாம். பன்னிரண்டு வரியை மனத்திலேயே வைத்துக் காப்பாற்றவும் கூடும். ஆனால் திருத்தம் அவ்வாறு நடவாது. முதற்படியையும் இரண்டாம் படியையும் அருகருகே விரித்து வைத்து ஒரு சொல்லை நீக்கி ஒரு சொல்லை இட்டுப் பார்க்க வேண்டும். இன்று விரித்ததை நாளை வந்து அதே நிலையில் காண வேண்டும். கட்டுரைக்கும் புதினத்திற்கும் இத்தேவை இன்னும் மிகுதி. பிறப்புக்கு இடம் வேண்டா. வளர்ப்புக்கு இடம் வேண்டும். நம் பெண் கவிஞர்கள் பலர் குறுங்கவிதையோடு நின்றுவிட்டமைக்கு அவர்களின் ஆற்றற்குறைவு காரணமன்று. கலைக்காமல் விட்டுவைக்கக்கூடிய மேசை ஒன்று அவர்களிடம் இல்லாமையே பெருங்காரணம் என்பது என் கருத்து.

இதனைப் பட்டறிந்தே சொல்கிறேன். என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் பெரும்பகுதி உணவு மேசையில் எழுதப்பட்டது. காலை, நண்பகல், இரவு என்று நாளுக்கு மூன்று முறை குறிப்பு அட்டைகளை அள்ளிப் பழைய பிசுக்கோத்துத் தகரப் பெட்டியில் போட்டு மூடுவேன். உணவு முடிந்ததும் மேசையைத் துடைத்துவிட்டு மீண்டும் பரப்புவேன். பரப்பிய பின் விட்ட இடத்தைப் பிடிக்க அரைமணி நேரம் ஆகும். பிடித்த வேளையில் அடுத்த உணவு வேளை வந்துவிடும். எழுதியது ஒரு பங்கு. அள்ளியதும் பரப்பியதும் இரண்டு பங்கு.

பொழுது

நிலம் மட்டும் அமைந்தாற் போதாது. பொழுதும் அமைய வேண்டும். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியபோது வீடுகளே அலுவலகங்களும் கல்லூரிகளும் ஆயின. எங்களைப் போன்ற ஆசிரியர்கள் கைப்பேசியை அரிசி டப்பாவின் மேல் சாய்த்து வைத்துப் பாடம் நடத்தினோம். பின்னணியில் அழுத்தக் கொதிகலன் விசிலடிக்கும். யாப்பருங்கலக்காரிகை நடத்திக்கொண்டிருக்கையில் பால்காரர் அழைப்பார். அந்த மாதங்களில் ஒவ்வொரு வீட்டிலும் ஓர் உண்மை வெளிப்பட்டது. வீட்டில் கதவுடைய அறை யாருக்குச் சென்றது? பெரும்பாலும் வீட்டு ஆண்மகனுக்கு. அடுத்துத் தேர்வு எழுதும் பிள்ளைக்கு. ஊதியம் ஒன்றாகவே இருப்பினும் தாய்க்குக் கூடத்தின் ஓரமோ அடுக்களைத் திண்டோ கிடைத்தது. இதில் யார் மேலும் பழி சொல்ல நான் வரவில்லை. எவரும் திட்டமிட்டுச் செய்ததன்று. யாரும் கேட்கவில்லை, ஆகவே யாரும் கொடுக்கவில்லை.

பொழுதைப் பற்றி என் பரிந்துரை எளியது. நாளுக்கு ஒரு மணி நேரம் போதும். ஆனால் அது நாள்தோறும் ஒரே மணியாக இருத்தல் வேண்டும். வைகறையோ, பிள்ளைகள் பள்ளி சென்றபின் உள்ள முற்பகலோ, அவரவர் வீட்டிற்கு ஏற்ற வேளையைத் தெரிந்துகொள்ளலாம். வேளை மாறிக்கொண்டே இருந்தால் வீட்டார்க்கு அது தெரியாது. மாறாத வேளையை இரண்டே மாதங்களில் வீடு மதிக்கத் தொடங்கிவிடும். ‘அம்மா எழுதுகிறார்’ என்று சிறுபிள்ளை வந்தவரிடம் சொல்லும் நாள் வருமாயின் பொழுது அமைந்துவிட்டது என்று கொள்ளலாம்.

கருப்பொருள்

இனிக் கருவிகளுக்கு வருவேன். என் வீட்டில் பழம் பாத்திரங்களும் உடைந்த மின்விசிறியும் கிடந்த ஒரு சிறு பண்டசாலை அறையை ஒழித்து எழுத்தகமாக்கினேன். ஆறு அடி அகலம், எட்டு அடி நீளம். வடக்கே ஒரு சன்னல். அதனை அமைக்கையில் கற்றவற்றைப் பயன் கருதிக் கூறுகிறேன்.

முதலில் மேசை. கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் மேசைகள் பெரும்பாலும் 29 அல்லது 30 அங்குல உயரம் உடையவை. அது நெட்டையான உடம்பிற்குப் பொருந்தும் அளவு. ஐந்தடி உயரமுள்ள பெண் அதில் எழுதினால் தோள்கள் மேலே தூக்கியே நிற்கும். மாலையில் கழுத்து வலிக்கும். வயதாகிவிட்டது என்று அவர் எண்ணிக்கொள்வார்; குற்றம் மேசையுடையது. பாதம் தரையில் படிய அமர்ந்து, முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து பாருங்கள். அதுவே உங்கள் மேசையின் உயரம். மேசையைக் குறைக்க இயலாதாயின் இருக்கையை உயர்த்திக் காலுக்குத் தாங்கல் வைத்துக்கொள்ளலாம். என் காலுக்குப் பழைய மணை ஒன்று உதவுகிறது. மேசைப் பலகைக்குப் புதுமரம் வாங்கவில்லை. எங்கள் ஊர் வீட்டைப் பிரித்தபோது மிஞ்சிய வேப்பமரக் கதவு ஒன்றைத் தச்சர் இழைத்துக் கால் பூட்டிக் கொடுத்தார்.

அடுத்தது ஒளி. வலக்கையால் எழுதுவோர்க்கு ஒளி இடப்புறமிருந்து வருதல் வேண்டும். இல்லையேல் தம் கையின் நிழலே தம் எழுத்தின்மேல் விழும். இடக்கையர்க்கு இதன் மறுதலை. கணிப்பொறியில் எழுதுவோர் சன்னலை முதுகுப்புறம் வைத்துக்கொண்டால் திரையில் சன்னலே தெரியும். சன்னலுக்கு எதிரே அமர்ந்தால் கண் கூசும். சன்னல் பக்கவாட்டில் இருப்பதே நன்று. மேற்குச் சன்னல் பிற்பகல் வெயிலைக் கொண்டுவரும். வடக்குச் சன்னலின் ஒளி ஆண்டின் பெரும்பகுதியும் சீராக இருக்கும். திரை ஒரு கைநீளத் தொலைவில் இருக்கட்டும். இருபது மணித்துளிக்கு ஒருமுறை இருபதடி தொலைவில் உள்ள ஒன்றை இருபது நொடி நோக்குமாறு கண் மருத்துவர்கள் கூறுவார்கள். என் சன்னலுக்கு அப்பால் ஒரு முருங்கை மரம் இருக்கிறது. கண்ணுக்கு மருந்தும் கவிதைக்குப் பொருளும் ஒருங்கே கிடைக்கின்றன.

மூன்றாவது அலமாரி. சுவரோடு ஒட்டி வைத்தால் ஈரமும் கறையானும் ஏறும்; மூன்று விரற்கடை இடைவெளி விடுதல் நலம். வசம்பும் நிழலில் உலர்த்திய வேப்பிலையும் இராமபாணப் பூச்சியைத் தடுப்பதற்கு நம் முன்னோர் பயன்படுத்தியவை. கையெழுத்துப் படிகளை ஒருபோதும் அடித்தட்டில் வைக்காதீர்கள். 2015-ஆம் ஆண்டு திசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தள வீடுகள் பலவற்றுள் நீர் புகுந்தபோது, கீழ்த்தட்டுகளில் இருந்தவை முதலில் நனைந்தன. அச்சிட்ட நூலை மீண்டும் வாங்கலாம். கையெழுத்துப் படிக்கு மறுபடி கிடையாது.

புதுக்குதல்

எழுத்தகத்தை அமைப்பது ஒருமுறை, புதுக்குவது ஆண்டுதோறும். நம் மரபு இதற்கு நாள் குறித்தே வைத்திருக்கிறது. கலைமகள் வழிபாட்டு நாளில் நூல்களை அடுக்கி வைத்து, அன்று படிக்காமலும் எழுதாமலும் இருந்து, மறுநாள் மீண்டும் தொடங்குகிறோம். சமய நம்பிக்கை இல்லாதவர்களும் இவ்வழக்கத்தின் பயனைக் கொள்ளலாம். நூல்களை இறக்கித் துடைத்து அடுக்குவதற்கு முந்திய நாளை ஒதுக்குங்கள். எழுதாத அந்த ஒரு நாளில் கடந்த ஆண்டு எழுதியது என்ன, முடியாது நிற்பது என்ன என்று பட்டியலிடுங்கள். வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்கு முன்னர் இப்பணி முடிந்துவிடும் என்பதும் ஒரு வசதி.

ஆனால் ஓர் எச்சரிக்கை. புதுக்குதல் என்றால் எறிதல் என்று கொள்ளும் வழக்கமும் நம்மிடம் உண்டு. போகியில் பழையன கழிக்கிறோம். அந்தப் பழையனவற்றோடு எத்தனை குறிப்பேடுகள் எரிந்தனவோ! ஏட்டுச்சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்ட கொடுமையும் நம் நாட்டில் நிகழ்ந்ததே. உலர்ந்த பேனாக்களையும் காலங்கடந்த பற்றுச்சீட்டுகளையும் எறியுங்கள். திருமண அழைப்பிதழ்களை எறியுமுன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நீங்கள் எழுதிய நான்கு வரி அங்கே இருக்கக்கூடும்.

உண்மையில் தமிழ் மரபில் புதுக்குதல் என்பதன் பொருள் படியெடுத்தல். ஓலை சில நூற்றாண்டுகளில் மடியும். மடியுமுன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதியவர்கள் இருந்தமையால்தான் சங்க நூல்கள் நம் கைக்கு வந்தன. பெயரறியாத அந்தப் படியெடுத்தோர் வரிசையின் இறுதியில் நின்று அச்சிற்கு ஏற்றியவர் உ.வே. சாமிநாதையர். 1887-இல் சிந்தாமணியை வெளியிட்டவர், 1942-இல் மறையும் வரை அப்பணியைத் தொடர்ந்தார். சென்னைத் திருவல்லிக்கேணிப் பகுதியில் அவர் வாழ்ந்த ‘தியாகராச விலாசம்’ என்னும் இல்லம் 2012-இல் இடிக்கப்பட்டது. அவர் அமர்ந்து எழுதிய இடம் இன்று இல்லை. ஆனால் அவர் தொகுத்த சுவடிகளும் நூல்களும் 1943-இல் அவர் பெயரால் தோன்றிய நூல்நிலையத்தில் இருக்கின்றன. கோட்டையூர் ரோசா முத்தையா தம் வீட்டில் திரட்டி வைத்த நூல்களும் இதழ்களும் 1992-இல் அவர் மறைந்தபின் சிதறியிருக்கக்கூடும். 1994-இல் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் சென்னையில் அமைந்தமையால் பிழைத்தன. ஒரு வீட்டு அறையில் உள்ளது நாட்டின் உடைமை ஆவதற்கும் பழந்தாள் கடைக்குச் செல்வதற்கும் இடையே ஒரே ஒரு மனிதரின் அக்கறைதான் இருக்கிறது.

கணிப்பொறியில் எழுதுவோர் இது பழங்கதை என்று எண்ண வேண்டா. 1990-களில் நம்மவர் நெகிழ்வட்டுகளில் சேமித்த படைப்புகளை இன்று திறக்கும் பொறியே அரிது. திறந்தாலும், அன்று ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டச்சிட்டமையால் பொருளற்ற குறிகளே திரையில் தோன்றும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டிற்குப்பின் தமிழ்99 விசைப்பலகை வந்தது. 2010-இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியை ஏற்றது. பழைய எழுத்துருக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் செயலிகள் இன்று உள்ளன. மாற்றிய கோப்பை இரண்டு வேறு இடங்களில் வையுங்கள். முடிந்ததைத் தாளிலும் அச்சிட்டு வையுங்கள். இதுவே நம் காலத்தின் படியெடுத்தல்.

உரிப்பொருள்

நிலம், பொழுது, கரு ஆகியவற்றைச் சொன்னேன். உரிப்பொருளாகிய எழுத்தை நான் சொல்லித்தர இயலாது. அஃது உங்கள் உள்ளத்தில் இருக்கிறது. மூன்று வேண்டுகோள்களை மட்டும் இவ்வவையின் முன் வைக்கிறேன்.

முதலாவது, ஆண் உறுப்பினர்களுக்கு. உங்களுள் பலர்க்கு வீட்டில் மேசை உண்டு. உங்கள் மனைவியோ மகளோ தாயோ எழுதுபவராக இருக்கலாம். எழுத விரும்பியவராக இருந்திருக்கலாம். இன்று வீடு திரும்பியதும் அவர்களைக் கேளுங்கள். உங்கள் மேசையின் பாதியைக் கொடுப்பது கொடையாகாது. பகிர்ந்த மேசையில் ஒருவர் தாளை மற்றவர் கலைப்பார். ஆகவே வேறொரு பலகையை அமைத்துத் தாருங்கள்.

இரண்டாவது, என் தோழியர்க்கு. வீட்டில் எல்லோர்க்கும் இடம் ஒதுக்கித் தருபவர்கள் நாம். பிள்ளையின் புத்தகப் பைக்கு இடம், மாமனாரின் மருந்துப் பெட்டிக்கு இடம், கொலுப் பொம்மைக்கு இடம் என்று அறிந்து ஒதுக்குகிறோம். அதே கையால் நமக்கும் மூன்றடி ஒதுக்கிக்கொள்வோம். தனியறை இல்லையென்றால் மாடிப்படியின் அடிப்பகுதி போதும். கட்டிலின் ஓரம் போதும். மடக்குப் பலகை போதும். ஆனால் அந்த இடத்தில் காய்ந்த துணியை மடித்து வைக்க ஒருநாளும் இசையாதீர்கள். ஒருநாள் துணி ஏறிவிட்டால் மறுநாள் இடம் போய்விடும்.

மூன்றாவது, வட்டத்திற்கு. மூன்றடியும் ஒதுக்க இயலாத வீடுகள் நம் ஊரில் பல உண்டு. ஓரறை வாடகை வீட்டில் ஐவர் வாழும் குடும்பத்திற்கு என் அறிவுரை பயன்படாது. அவர்களைக் கருதி, நாம் கூடும் இந்தக் கூடத்தை வாரத்தில் ஓர் அரைநாள் எழுதுவோர்க்குத் திறந்துவைக்க வேண்டுகிறேன். நாற்காலிகள் இருக்கின்றன; மின்விசிறி இருக்கிறது; நான்கு மேசையும் பூட்டுடைய ஓர் அலமாரியும் வேண்டும். அலமாரியில் ஒவ்வொருவர்க்கும் ஓர் அறை, அதற்கு ஒரு சாவி. உறுப்பினர்களின் கையெழுத்துப் படிகளுக்கு ஒரு நகல் அங்கே இருக்கட்டும். முதல் மேசைக்குரிய செலவை நான் ஏற்கிறேன். அதற்கு ஈடாக நான் கேட்பது ஒன்றே. குறிப்பேட்டில் பெயர் மட்டும் எஞ்சி நிற்கும் அந்தப் பெண் கவிஞர்களுக்கு முதற்கடிதத்தை வட்டமே எழுத வேண்டும். இடம் இருக்கிறது, வாருங்கள் என்று எழுத வேண்டும்.

இருபதாம் ஆண்டு மலர் வெளிவருகையில் அதில் அவர்களின் படைப்புகளும் இடம்பெறுமாயின், இவ்வட்டம் தமிழுக்குச் செய்த பணிகளுள் அதுவே தலையாயதாக நிற்கும்.